தண்டவாளம் நீங்கிய வழி



பிள்ளைக்கு மிதிவண்டி பழக்கிய அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். இருக்கையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவீர்கள். பிள்ளைக்குச் சமநிலை வந்துவிட்டது என்பது உங்கள் கைக்குத் தெரியும். ஆயினும் கையை எடுக்க மனம் துணியாது. பிள்ளை விழுந்துவிடுமே என்ற கவலை பெரிதல்ல. முழங்கால் சிராய்க்காமல் மிதிவண்டி பழகியவர் யார்? தெருமுனையில் எந்நேரமும் திரும்பக்கூடிய லாரியை எண்ணித்தான் அந்தக் கை இறுகப் பிடிக்கிறது. பாதை எல்லாருக்கும் பொது என்கிறோம். ஆனால் வேகமாகச் செல்பவருக்கே பாதை சொந்தம் என்றாகிவிட்ட காலத்தில் சிறுவரும் முதியவரும் ஓரத்திற்குத் தள்ளப்பட்டு விட்டனர்.

இந்நிலையில் ஒரு நாடு, காரும் லாரியும் ஓடுவதற்கு இடமளிக்காத பாதைகளை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்திற்குத் தன் கிராமப்புறங்களில் திறந்து வைத்திருக்கிறது என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அவற்றுக்காக அந்நாடு புதிதாக மலையைக் குடையவில்லை. புதிதாகப் பெரும் பாலங்களையும் எழுப்பவில்லை. ரயில் நின்றுபோய், முள்செடி மண்டிக் கிடந்த பழைய தடங்களையே எடுத்துச் செப்பனிட்டு மக்களிடம் ஒப்படைத்தது.

அந்த நாடு ஸ்பெயின். நாம் பெருமூச்சோடு மட்டுமே நினைத்துப் பழகிய அந்தலூஸ் மண்ணின் ஊடாகவும் அப்பாதைகள் செல்கின்றன. இம்மாதம் அவ்வழியே உங்களை அழைத்துச் செல்ல விழைகிறேன்.

மூடப்பட்ட தடங்கள்

ஸ்பெயினின் பெருநிலப்பரப்பில் முதல் ரயில் 1848ஆம் ஆண்டு பார்சிலோனாவுக்கும் மத்தாரோவுக்கும் இடையே ஓடியது. அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் நாடெங்கும் தடங்கள் போடப்பட்டன. இரும்புக்கல் தோண்டும் சுரங்கத்திலிருந்து துறைமுகத்திற்கு ஒரு தடம். எண்ணெய் ஆலைகள் நிறைந்த ஊர்களிலிருந்து பெருநகரத்திற்கு ஒரு தடம். அத்தடங்களை ஒட்டி நிலையங்கள் தோன்றின. நிலையங்களை ஒட்டிக் கடைகளும் வீடுகளும் தோன்றின.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலைமை மாறிற்று. சாலைகள் பெருகின, லாரிகள் சரக்கை எடுத்துக்கொண்டன, பல சுரங்கங்கள் மூடப்பட்டன. வருவாய் குறைந்த வழித்தடங்களை அரசு ஒவ்வொன்றாக நிறுத்தியது. 1985ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மட்டும் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் தடம் ஒரேயடியாக மூடப்பட்டது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. நிலையங்களின் கூரைகள் இடிந்தன. மலையைக் குடைந்து போட்ட குகைப்பாதைகளில் வௌவால்கள் குடியேறின.

1993ஆம் ஆண்டு, இவ்வாறு கைவிடப்பட்ட தடங்களை அரசு கணக்கெடுத்தது. 7,600 கிலோமீட்டருக்கும் அதிகமான தடம் பயனின்றிக் கிடந்தது. அதனோடு ஏறத்தாழ ஆயிரம் குகைப்பாதைகளும், ஐந்நூறு பாலங்களும், தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையக் கட்டடங்களும் கேட்பாரற்று நின்றன. இவற்றை என்ன செய்வது? துண்டு துண்டாக விற்றுவிடலாம் என்பது ஒரு வழி. விற்றுவிட்டால் பின்னர் எக்காலத்திலும் அத்தொடர்ச்சியைத் திரும்பப் பெற முடியாது. ஒருவர் தம் பங்கில் வேலியிட்டால் போதும். நூறு கிலோமீட்டர்ப் பாதையும் வழி என்னும் தன்மையை இழந்துவிடும்.

ஆகவே வேறொரு முடிவு எடுக்கப்பட்டது. தடத்தைப் பொது உடைமையாகவே வைத்துக்கொண்டு, நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் உரிய பாதையாக மாற்றுவது என்பதே அம்முடிவு. 'வியாஸ் வெர்தேஸ்' என்பது அத்திட்டத்தின் பெயர். பசுமை வழிகள் என்று பொருள். ஸ்பானிய ரயில்வே அறநிறுவனம் அதனை ஒருங்கிணைத்தது. மாநில அரசுகளும், மாவட்ட அவைகளும், சிற்றூர் நகராட்சிகளும் தத்தம் எல்லைக்குள் பணியை ஏற்றுக்கொண்டன. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட வழிகள், மொத்தம் 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் திறந்திருக்கின்றன.

எஞ்சினுக்குச் செய்த சலுகை

பழைய ரயில் தடம் மிதிவண்டிக்கு இத்துணைப் பொருத்தமாக அமைந்ததன் காரணத்தை அறிந்துகொள்வது சுவையானது.

நீராவி எஞ்சினுக்கு ஏற்றம் ஆகாது. நூறு மீட்டர் தூரத்திற்கு இரண்டு அல்லது மூன்று மீட்டருக்கு மேல் ஏறவேண்டி வந்தால் அது திணறிவிடும். கூர்மையான வளைவும் அதற்கு ஆகாது. எனவே அக்காலப் பொறியாளர்கள் மலையைக் கண்ட இடத்தில் நீண்ட தூரம் சுற்றினார்கள். சுற்ற முடியாத இடத்தில் குடைந்தார்கள். பள்ளத்தாக்கின் மேல் பாலம் கட்டிக் கடந்தார்கள். மலை நாட்டின் நடுவே, மலையேறும் வருத்தம் இல்லாத ஒரு வழி உருவாயிற்று.

எஞ்சினுக்காகச் செய்த அந்தச் சலுகை இன்று மனிதருக்குக் கிடைத்திருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையும் அறுபது வயது முழங்காலும் தாங்கக்கூடிய சரிவில் பாதை செல்கிறது. சக்கர நாற்காலியில் அமர்ந்தோரும் பல பகுதிகளில் பிறர் துணையின்றிச் செல்ல முடிகிறது. பெரும்பாலான வழிகள் இறுக்கிய மண்ணால் ஆனவை. சில இடங்களில் தார் இடப்பட்டிருக்கும். மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. தம் தோட்டத்திற்குச் செல்லும் விவசாயியின் வண்டி மட்டும் சில பகுதிகளில் மெதுவாகக் குறுக்கிடும். சாலையைக் கடக்கும் இடங்களில் தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் உண்டு.

ஜைத்தூன் மரங்களின் நடுவே

வாருங்கள், ஒரு வழியில் முழுமையாகச் சென்று பார்ப்போம்.

தெற்கு ஸ்பெயினில், நம் வரலாற்று நூல்கள் ஜய்யான் என்று குறிப்பிடும் ஊர் இன்று ஹயென் என்று வழங்குகிறது. அந்நகரின் விளிம்பிலிருந்து தொடங்கி, மேற்கே புவெந்தே ஹெனில் என்னும் ஊர்வரை சுமார் 128 கிலோமீட்டர் செல்கிறது 'வியா வெர்தே தெல் அசெய்த்தே'. எண்ணெய்ப் பசுமை வழி என்று பொருள். லினாரெஸ் நகரிலிருந்து புவெந்தே ஹெனில்வரை 1893ஆம் ஆண்டளவில் முழுமை பெற்ற ரயில் தடத்தின் பெரும்பகுதியே இவ்வழி. ஆலைகளில் பிழிந்த எண்ணெயைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிச் சென்றதால் மக்கள் அதனை எண்ணெய் ரயில் என்றே அழைத்தனர்.

'அசெய்த்தே' என்ற சொல்லைச் சற்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். ஓதக் கற்ற எந்தப் பிள்ளையும் உடனே பிடித்துக்கொள்ளும். அரபியின் 'அஸ்ஸைத்' என்பதே அது. எண்ணெய்க்குரிய காய் 'அசெய்த்துனா'; அதாவது அஸ்ஸைத்தூனா. எண்ணெய் ஆட்டும் ஆலை 'அல்மசாரா', அதாவது அல்மஅஸரா. வாய்க்கால் 'அசேக்கியா', அதாவது அஸ்ஸாக்கியா. நீர்த்தொட்டி 'அல்பெர்கா', அதாவது அல்பிர்கா. இவ்வழியில் எதிர்ப்படும் ஸ்பானிய விவசாயி தம் தாய்மொழி என்று எண்ணிப் பேசும் சொற்களில் எத்தனையோ, நம் மதரஸாப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொற்களாகவே இருக்கின்றன. ஆட்சி 1492இல் முடிந்தது. கடைசி மூரிஸ்கோக்கள் 1609 முதல் 1614 வரை நாடு கடத்தப்பட்டனர். நீரோடும் எண்ணெயோடும் கலந்துவிட்ட சொற்களை மட்டும் யாராலும் நாடு கடத்த முடியவில்லை.

ஹயென் மாவட்டத்தில் மட்டும் ஆறு கோடிக்கும் மேற்பட்ட ஜைத்தூன் மரங்கள் நிற்கின்றன. உலகில் ஜைத்தூன் எண்ணெய் உற்பத்தியில் முதலிடம் வகிக்கும் நாடு ஸ்பெயின். அதிலும் இம்மாவட்டமே முதன்மையானது. பாதையின் இருபுறமும் குன்றின்மேல் குன்றாக, கோடு போட்டாற்போல் வரிசை வரிசையாக மரங்கள். நவம்பர் தொடங்கிப் பல வாரங்கள் அறுவடைக் காலம். மரத்தடியில் வலை விரித்து, கிளைகளை உலுக்கிக் காய்களை வீழ்த்துவார்கள். அப்பருவத்தில் ஊரை நெருங்கும்போதே ஆலையின் பச்சை எண்ணெய் வாசம் முன்வந்து வரவேற்கும்.

தோர்ரெதெல்காம்போ, தோர்ரெதோன்ஹிமெனோ ஆகிய ஊர்களைத் தாண்டினால், மார்த்தோஸ் நகரும் அதன் தலைக்குமேல் ஓங்கி நிற்கும் பாறையும் தெரியும். பின்னர் அல்காவுதெத்தே. குன்றின் உச்சியில் கோட்டை. இங்கிருந்து செல்லச் செல்ல, ஊருக்கொரு கோட்டை நிற்பதைக் காண்பீர்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. 1246ஆம் ஆண்டு நீண்ட முற்றுகைக்குப் பின் ஜய்யான், காஸ்தீலிய மன்னர் மூன்றாம் பெர்னாந்தோவிடம் ஒப்படைக்கப்பட்டது. கர்நாத்தாவின் நஸ்ரி அரசை நிறுவிய முஹம்மத் இப்னுல் அஹ்மர் அவரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். அன்று முதல் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் இந்நிலமே இரு அரசுகளின் எல்லையாக இருந்தது. காவல் கோபுரத்திலிருந்து எதிரியின் புழுதியைக் கண்காணித்த நிலத்தில், இன்று பள்ளிச் சிறுவர்கள் மிதிவண்டி மணியை அடித்துக்கொண்டு செல்கிறார்கள்.

ஹயென், கோர்தோபா ஆகிய இரு மாவட்டங்களின் எல்லையில் குவாதஹோஸ் ஆறு ஓடுகிறது. 'குவாத' என்று தொடங்கும் ஸ்பானிய ஆற்றுப் பெயர்களில் எல்லாம் 'வாதி' என்ற அரபிச் சொல் மறைந்திருக்கிறது. பெரிய ஆறான குவாதல்கிவிர் என்பது வாதி அல்கபீரே. குவாதஹோஸ் ஆற்றின்மேல் சுமார் 200 மீட்டர் நீளமுள்ள இரும்புப் பாலம் உண்டு. இவ்வழி நெடுகிலும் இத்தகைய பதின்மூன்று இரும்புப் பாலங்கள் நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில், நிறைசரக்கு ஏற்றிய ரயிலைத் தாங்குமாறு கட்டியவை. மிதிவண்டிகளின் கனம் அவற்றுக்கு ஒரு பொருட்டா? கீழே நீரோட்டத்தையும் நாணலையும் பார்த்தவாறு நின்று இளைப்பாறலாம்.

அதற்கப்பால் வழி கோர்தோபா மாவட்டத்தின் சுப்பேத்திக்கா மலைத்தொடரின் அடிவாரமாகச் செல்கிறது. லூக்கே நிலையத்தின் அருகே பருவகாலத்தில் நிறையும் உவர்நீர் ஏரி ஒன்று உண்டு. நீர் உள்ள மாதங்களில் பூநாரைகள் அங்கே வந்து இறங்கும். அடுத்தது சுஹெரோஸ். வெள்ளையடித்த வீடுகள் செங்குத்தான பாறையில் ஒட்டிக்கொண்டிருக்க, பாறையின் நுனியில் கோட்டை நிற்கும். தோஞ்ஞா மென்சியாவின் பழைய நிலையத்தில் மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கும். கப்ரா நிலையத்தில், எண்ணெய் ரயிலின் கதையைச் சொல்லும் காட்சிக்கூடம் அமைத்திருக்கிறார்கள். 'முவஷ்ஷஹ்' என்னும் பாடல் வடிவத்தைத் தோற்றுவித்தவராக அரபு இலக்கிய வரலாறு குறிப்பிடும் முகத்தம் இப்னு முஆஃபா இந்தக் கப்ராவைச் சேர்ந்தவர் என்பதை நம் இலக்கிய அன்பர்கள் நினைவில் கொள்வார்களாக.

பிறகு லுசேனா. கர்நாத்தாவின் கடைசி மன்னர் அபூ அப்தில்லாஹ் 1483ஆம் ஆண்டு இவ்வூரின் அருகே நடந்த போரில் தோற்றுச் சிறைப்பட்டார். அவரை அடைத்து வைத்ததாகச் சொல்லப்படும் கோபுரம் ஊரின் நடுவே இன்னும் நிற்கிறது. கர்நாத்தாவின் சாவி கைமாறுவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, அதன் மன்னர் இந்தச் சிற்றூரில் கைதியாக இருந்தார். வரலாற்றைப் பாடமாகப் படித்தவர் அக்கோபுரத்தின் நிழலில் மிதிவண்டியைச் சாய்த்துவிட்டுச் சற்று நேரம் மௌனமாக அமர்ந்திருப்பார்.

ரயிலே ஓடாத ரயில் பாதை

மற்றொரு வழியின் கதை இதனினும் விந்தையானது. காதிஸ், செவில்லியா ஆகிய மாவட்டங்களின் மலைப்பகுதியில், ஓல்வெரா என்னும் ஊரிலிருந்து புவெர்த்தோ செர்ரானோ வரை 36 கிலோமீட்டர் நீளமுள்ள 'வியா வெர்தே தெ லா சியெர்ரா' அது.

ஹெரெஸ் நகரையும் அல்மார்கென் ஊரையும் இணைக்க 1920களில் இத்தடத்தை அமைக்கத் தொடங்கினார்கள். தொழிலாளர்கள் மலையைக் குடைந்து முப்பது குகைப்பாதைகளை அமைத்தார்கள். அவற்றுள் மிக நீளமானது ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நான்கு பெரும் பாலங்கள் எழுந்தன. நிலையங்களும் கட்டி முடிக்கப்பட்டன. அதற்குள் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது, அரசு மாறியது, 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது. பணி நின்றுவிட்டது. முப்பது குகைகளைக் குடைந்த பின்னும் அத்தடத்தில் ஒரு ரயில்கூட ஓடவில்லை!

பல பத்தாண்டுகள் ஆடுமாடுகளே நடந்த அவ்வழியில் இன்று குடும்பங்கள் செல்கின்றன. ரயில் வந்து நிற்காத நிலையங்கள் சில, விடுதியாகவும் உணவகமாகவும் மாறியிருக்கின்றன. நடுவழியில் சாஃப்ராமகோன் என்னும் மாபெரும் பாறை உண்டு. அதன் பிளவுகளில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டி வாழ்கின்றன. இறக்கையை விரித்தால் இரண்டரை மீட்டர் அகலம் இருக்கும். அருகிலுள்ள பழைய நிலையத்தில் அப்பறவைகளைப் பற்றி விளக்கும் கூடமும் அமைந்துள்ளது.

கிழக்கே தெருவேல் மலையிலிருந்து மத்தியதரைக் கடலோரச் சாகுந்தோவை நோக்கி இறங்கும் ஓஹோஸ் நெக்ரோஸ் வழியோ நூற்றறுபது கிலோமீட்டர் நீளம். அங்கே ஏற்கெனவே ஒரு ரயில் நிறுவனம் தடம் போட்டிருந்தது. இரும்புக்கல்லை ஏற்றிச் செல்லும் கட்டணத்தில் அதனோடு உடன்பாடு ஏற்படாததால், சுரங்க நிறுவனம் பெருஞ்செலவில் தனக்கென்று இணையாக மற்றொரு தடம் போட்டுக்கொண்டது. 1907இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில் 1972இல் நின்றது. இரு நிறுவனங்களின் பிடிவாதத்தால் பிறந்த இரண்டாவது தடம், இன்று எவரும் கட்டணமின்றிச் செல்லும் பொதுவழி!

குடும்பத்துடன் செல்வோர் கவனத்திற்கு

வெளிநாடுகளில் வாழும் நம் சகோதர சகோதரிகள் பலர் விடுமுறையில் ஸ்பெயின் செல்கிறார்கள். அவர்களுக்காகச் சில குறிப்புகள்.

மார்ச் இறுதி முதல் மே வரையிலும், செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் தொடக்கம் வரையிலும் ஏற்ற காலம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அந்தலூஸியாவின் உட்பகுதியில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். ஜைத்தூன் மரத்தின் நிழல் மிகச் சிறிது. பிள்ளைகளை வருத்த வேண்டாம்.

நிலையத்திற்கும் நிலையத்திற்கும் இடையே கடை இராது. தண்ணீரைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். குகைப்பாதைகளில் விளக்கு இருக்கும் என்று நம்பியிராமல், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு விளக்கு பொருத்துங்கள். கோடையிலும் குகைக்குள் குளிரும். மெல்லிய மேலாடை ஒன்று கைவசம் இருக்கட்டும். நீண்ட உடை அணியும் சகோதரிகள், சங்கிலியை முழுவதும் மூடிய வண்டியாகக் கேட்டு வாங்குவது நன்று. பிள்ளைகளோடு முதன்முறை செல்வோர் ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்ளட்டும். சியெர்ரா வழியை ஓல்வெராவில் தொடங்கினால் பெரும்பாலும் இறக்கமாகவே அமையும்.

உணவில் மிகுந்த கவனம் தேவை. அந்நாட்டுச் சிற்றூர்களில் பன்றி இறைச்சி எங்கும் கலந்திருக்கும். 'ஹமோன்' என்றால் பன்றித் தொடை. 'மந்தேகா' என்பது பெரும்பாலும் பன்றிக் கொழுப்பைக் குறிக்கும். இனிப்புப் பண்டங்களிலும் அதைச் சேர்ப்பதுண்டு. கோர்தோபாப் பகுதியில் 'சல்மொரெஹோ' என்னும் குளிர்ந்த தக்காளிக் குழம்பு புகழ்பெற்றது. அதன்மேல் ஹமோன் துண்டுகளைத் தூவித் தருவார்கள். 'சின் ஹமோன்' என்று முன்னரே சொல்லிவிட்டால் ஹமோன் இல்லாமல் தருவார்கள். ரொட்டி, ஜைத்தூன் எண்ணெய், தக்காளி, மீன், முட்டை, பழங்கள் ஆகியவற்றுக்குக் குறைவில்லை. வறுத்த கத்தரிக்காயின்மேல் பாகு ஊற்றித் தருவதும் உண்டு. கத்தரிக்காய்க்கு அங்கே 'பெரென்ஹேனா' என்று பெயர். அரபியின் 'பாதின்ஜான்' என்பதே அது. இந்திய மண்ணுக்கு நெடுநாள் உறவான இக்காயை அரபியரே அந்நாட்டிற்குக் கொண்டு சேர்த்தனர்.

தொழுகை நேரம் வந்தால் இடத்திற்குப் பஞ்சமில்லை. ஆளரவமற்ற மரநிழலில் விரிப்பை விரிக்க வேண்டியதுதான். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். மேற்கு நோக்கித் தொழுது பழகிய நாம், அங்கே ஏறத்தாழ கிழக்கு நோக்கி, சற்றே தெற்குச் சாய்வாகத் திரும்ப வேண்டும்.

எண்ணிப் பார்க்க

இப்பாதைகளைப் புகழும்போது ஓர் உண்மையையும் மறைக்கலாகாது. ரயில் நின்றதால் அச்சிற்றூர்கள் அடைந்த இழப்பைப் பசுமை வழி ஈடுசெய்துவிடவில்லை. மருத்துவமனைக்கு ரயிலில் சென்றுவந்த மூதாட்டிக்கு மிதிவண்டிப் பாதையால் என்ன பயன்? ஸ்பெயினின் உட்பகுதிச் சிற்றூர்கள் பலவற்றில் இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவருகிறார்கள். வார இறுதியில் வரும் பயணிகளால் ஓர் உணவகமும் ஒரு விடுதியும் வாழ முடிகிறது. அதனால் ஓரிரு குடும்பங்கள் ஊரை விட்டுப் போகாமல் இருக்கின்றன. அது சிறிய பயன்தான்; ஆயினும் அக்குடும்பங்களுக்கு அது பெரிது.

பாதையைத் திறந்துவிட்டால் பணி முடிந்ததாகவும் ஆகாது. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் மண் அரிக்கும்; பாறை சரியும்; முள் மீண்டும் மண்டும். இரும்புப் பாலத்திற்கு வண்ணம் பூச வேண்டும். வரி வருவாய் குறைந்த சிறு நகராட்சி ஒன்று இரண்டு ஆண்டுகள் கவனியாமல் விட்டால், பாதை மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வழியில் கிடக்கும் முள்ளை அகற்றுவதை அறம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் நமக்கு, அந்தப் பராமரிப்பின் அருமை விளங்காமற் போகாது.

அந்தலூஸ் என்றதும் நம் மேடைகளிலும் ஏடுகளிலும் கண்ணீர் பெருகும். இழந்த கோட்டைகளை எண்ணுவோம். இழந்த நூலகங்களை எண்ணுவோம். அது இயல்பே. ஆனால் அதே மண்ணில் இன்று வாழும் மக்கள், தங்கள் காலத்தில் தங்கள் கண்முன் கைவிடப்பட்ட ஒன்றை எவ்வாறு பார்த்தார்கள் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். "இது முன்பு என்னவாக இருந்தது?" என்று கேட்டுப் பெருமூச்சு விட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. "இது இப்போது யாருக்குப் பயன்படும்?" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டபோது, வேகமாகச் செல்வோருக்கு ஏற்கெனவே சாலைகள் இருந்தன. மெதுவாகச் செல்வோருக்கே வழி இல்லை என்பது தெரிந்தது. சிறுவர், முதியோர், கால் நலிந்தோர் ஆகியோருக்கு அத்தடத்தைக் கொடுத்தார்கள்.

உங்கள் ஊரிலும் பூட்டிக் கிடக்கும் கட்டடம் ஒன்று இருக்கலாம்; எவரும் நடவாத வழி ஒன்று இருக்கலாம். அடுத்த முறை அதைக் கடந்து செல்லும்போது அந்த இரண்டாவது கேள்வியையும் கேட்டுப் பாருங்கள்.

இன்ஷா அல்லாஹ், என்றேனும் ஒரு வசந்தகாலக் காலைப்பொழுதில் உங்களுக்கு அவ்வழி செல்லும் வாய்ப்பு அமைந்தால், பிள்ளையின் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிறிது தூரம் கூடவே ஓடுங்கள். இருபுறமும் ஜைத்தூன் மரங்கள் நிற்கும். எதிரே ஓர் இரும்புப் பாலம் தெரியும். எந்தப் பக்கமிருந்தும் லாரி வராது.

அங்கே, கையை எடுத்துவிடுங்கள்.